ஆனந்தவள்ளி கேட்ட மூச்சு

போனில் பேசியது ஆனந்தவள்ளிதான் என்று உச்சிமாகாளி முதலில் நம்பவில்லை. தகரத்தில் மணலைத் தேய்த்தது போன்ற ஒரு குரல், "ஏட்டி உச்சி, நான்தாம்ட்டி" என்றது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுபடி மணி அடித்தது.

"இன்னொரு தடவை வச்சேன்னா சுரண்டைக்கு வந்து மிதிப்பேன்."

அப்போதுதான் ஆள் தெரிந்தது. குரல் மாறியிருந்தாலும் மிரட்டல் மாறவில்லை.

இருவரும் ஓய்வுபெற்ற போலீஸ்காரிகள். எண்பதுகளில் ஒன்றாகப் பயிற்சி முடித்து ஒன்றாகத் தென்காசிக்கு வந்தவர்கள். ஆனந்தவள்ளிக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர், உச்சிமாகாளிக்குச் சுரண்டை. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் பக்கத்துக்கு இவர்களைத்தான் போடுவார்கள். உடம்பெல்லாம் எண்ணெயோடு வந்து நிற்கும் கூட்டம், வழுக்கும் பாறை, காதை அடைக்கும் இரைச்சல். மைக்கில் பேசினாலே பாதிதான் கேட்கும். ஆனந்தவள்ளி மைக்கைத் தொடவே மாட்டாள். "ஏம்மா, பச்சைச் சேலை! குளிச்சது போதும், நகரு! பொறத்தால நிக்கவளும் குளிக்கத்தான வந்திருக்கா?" என்று ஒரு குரல் கொடுத்தால், பச்சைச் சேலை மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற நீலச் சேலையும் நகர்ந்துவிடும். சில சமயம் ஆண்கள் பக்கத்தில் இருப்பவர்களும் ஒதுங்குவார்கள்.

அந்தக் குரலைத்தான் உச்சிமாகாளியால் அடையாளம் காண முடியாமல் போனது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தென்காசிக்கு வந்து இறங்கினாள்.

கதவைத் திறந்தது ஸ்வாதி. ஆனந்தவள்ளியின் ஒரே மகள், பெங்களூரில் வேலை. தகப்பனார் தில்லைநாயகம் வாத்தியாராக இருந்து சில வருஷங்களுக்கு முன் இறந்துபோனவர். ஸ்வாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள போங்க சித்தி. சாப்பிடச் சொன்னா என் பேச்சைக் கேக்க மாட்டேங்காவ" என்றாள்.

ஆனந்தவள்ளி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு சின்னக் கட்டி அவளுக்குப் பல வருஷமாகவே உண்டு. ஊசி குத்திப் பார்த்து ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்ன கட்டி. அதை மறைக்கவே பட்டையாக ஒரு சங்கிலி போட்டிருப்பாள். பொங்கல் கழிந்ததிலிருந்து அது வாராவாரம் வளர்ந்து, இப்போது சங்கிலி கட்டிமேல் ஏறி நின்றது. படுத்தால் மூச்சு இழுத்தது.

"சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்காவ. நாளைக்குத் திருநவேலிக்கு வரச் சொல்லிருக்காவ. நீயும் வாரியா?"

"வராம? பெட்டியோடதான வந்திருக்கேன்."

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் டாக்டர் உமாசங்கர். கதிர்வீச்சு மருத்துவர். நாற்பது வயதிருக்கும். பேசும்போது கம்ப்யூட்டரைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் பேசுகிறவர். ஒரு வெள்ளைத் தாளில் தொண்டையைப் படமாக வரைந்து, மூச்சுக்குழாயைச் சுற்றிப் பேனாவால் கறுப்பாகக் கிறுக்கினார்.

"இது தைராய்டு புற்றுநோய்தான் அம்மா. ஆனா அதுல ரொம்ப வேகமா வளர்ற வகை. அனாபிளாஸ்டிக்னு சொல்லுவோம். மூச்சுக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கு. அதனால அறுத்து எடுக்க முடியாது. சிலருக்கு மாத்திரை வேலை செய்யும். அதுக்கான மரபணு டெஸ்டும் பார்த்துட்டோம், உங்களுக்கு அது பொருந்தல."

ஆனந்தவள்ளி இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். "எங்க பக்கத்து வீட்டு சைதூன் பீவிக்கும் தைராய்டு கேன்சர்தான் சார். ஏதோ ஒரு மருந்தைக் குடிக்கக் குடுத்துத் தனி ரூம்ல வச்சிருந்தாவ. திரும்பி வந்துட்டா, வருஷம் எத்தனையோ ஆச்சு. நல்லா நடமாடுதா. அந்த மருந்தையே எனக்கும் குடுத்துருங்க."

"அது கதிர்வீச்சு அயோடின். நல்ல தைராய்டு செல், உடம்புல அயோடின் எங்க இருந்தாலும் இழுத்துக்கும். அவங்களுக்கு வந்த புற்றும் அந்தக் குணத்தை மறக்காதது. அதனால மருந்தைக் குடிச்சா அதுவே தேடி இழுத்துக்கிட்டு அழிஞ்சுபோகும். உங்களுக்கு வந்திருக்கிறது அந்தக் குணத்தையே மறந்துபோன வகை அம்மா. அயோடின் குடுத்தா சட்டையே பண்ணாது. வெளியில இருந்துதான் கதிரைப் பாய்ச்சணும்."

"பொறந்த வீட்டையே மறந்துட்டாக்கும்" என்றாள் ஆனந்தவள்ளி.

டாக்டர் தலையசைத்துவிட்டு, அதிலும் இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று நீளமானது. ஆறேழு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர் கொடுப்பது, கூடவே வாரம் ஒரு தடவை மருந்தும் ஏற்றுவது. தொண்டை புண்ணாகும், விழுங்க முடியாது, ருசி போகும். ஆனால் கட்டி நன்றாகச் சுருங்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று குறுகியது. ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். வலியும் அடைப்பும் குறையும், பெரிய அவதி இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பலன் நெடுநாள் நிற்காது.

"நுரையீரல்ல ஒரு புள்ளி தெரியுது. அது என்னன்னு இப்ப உறுதியா சொல்ல முடியல. அதனாலதான் ரெண்டையும் உங்க முன்னால வைக்கிறேன்."

"நீளமானதே பண்ணிருவோம் டாக்டர்" என்றாள் ஸ்வாதி.

ஆனந்தவள்ளி வண்டியை மறிப்பதுபோல் மகள் முன்னால் கையை நீட்டினாள். "சீக்கு எனக்குட்டி. சார், அதைப் பண்ணுனா குணமாகுமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "குணமாகும்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். பெரும்பாலும் திரும்ப வரும். நான் பேசுறது மாசக்கணக்குலதான். சில பேருக்கு வருஷம் தாண்டியிருக்கு."

ஸ்வாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனந்தவள்ளி கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள்.

"சாவறதுல எனக்குப் பயமில்ல சார். ராவெல்லாம் பொணத்துக்குக் காவல் நின்னுருக்கேன். மூச்சு முட்டிச் சாவறதுதான் பயம். அருவியில ஒரு தடவை முட்டிச்சு. இவளுக்குத் தெரியும். அந்த மாதிரி போகக் கூடாது. அதுக்கு எது நல்லது?"

"அதுக்கு நீளமான வழிதான் அம்மா. கழுத்துல கட்டி சுருங்கி, சுருங்கினபடியே இருக்க வாய்ப்பு அதுலதான் அதிகம்."

"அப்பம் அதையே வைங்க."

திரும்பும்போது செங்கோட்டை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. ஸ்வாதி தூங்கிவிட்டாள். இருவருக்கும் அந்த அருவிச் சம்பவம்தான் மனதில் ஓடியது.

அது ஒரு ஐப்பசி. ஆனந்தவள்ளிக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேலே மலையில் பேய்மழை. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த அருவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறமாக மாறியது. எல்லாரையும் விரட்டி வெளியேற்றினார்கள். ஒரு பெண் மட்டும் கம்பியைப் பிடித்தபடி விறைத்து நின்றாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆனந்தவள்ளி உள்ளே போனாள். கட்டை உருண்டு வருவது போல் தண்ணீர் முகத்தில் விழுந்தது. வாயைத் திறந்தாலும் தண்ணீர், மூக்கை உறிஞ்சினாலும் தண்ணீர். அவள் அந்தப் பெண்ணின் இடுப்பை விடவில்லை. உச்சிமாகாளி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் ஆனந்தவள்ளியின் பெல்ட்டையும் பிடித்து, இரண்டு பேரையும் சேர்த்துப் பின்னால் இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் கோவில்பட்டிக்காரி. பிற்பாடு ஒரு பை நிறையக் கடலை மிட்டாய் ஆள் மூலம் அனுப்பியிருந்தாள். காவலர் கொட்டகையில் ஈரக் காக்கியோடு உட்கார்ந்து இருவரும் அதைத் தின்று தீர்த்தார்கள்.

"அன்னைக்கு நீ பெல்ட்டைப் பிடிக்கலன்னா போயிருப்பேன், இல்லட்டி?"

"போயிருப்ப. மிட்டாய் பூரா எனக்கே கெடச்சிருக்கும்."

ஆனந்தவள்ளி சிரித்தாள். சிரிப்புக்குச் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

சிகிச்சைக்கு முன்னால் முகமூடி செய்ய வேண்டும் என்று வரச் சொன்னார்கள். கதிர் சரியாக அதே இடத்தில் விழுவதற்காகத் தலையும் கழுத்தும் தோளும் அசையாமல் பிடித்து வைக்கும் முகமூடி அது. இயந்திரத்தை இயக்கும் பெண்ணின் பெயர் கிறிஸ்டி. பாளையங்கோட்டைப் பிள்ளை. வலை போன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் நனைத்தெடுத்து, இளஞ்சூட்டோடு ஆனந்தவள்ளியின் முகத்தில் படிய வைத்தாள். அது ஆறி இறுகியது. ஓரத்திலிருந்த கொக்கிகளை மேசையோடு சேர்த்து டக், டக் என்று பூட்டினாள்.

நாலாவது கொக்கி பூட்டியதுமே ஆனந்தவள்ளி இரண்டு கையாலும் மேசையை அடித்தாள். கழற்றி எடுத்தபோது முகமெல்லாம் வேர்வை.

"முடியாது. தண்ணிக்குள்ள நிக்க மாதிரியே இருக்கு."

"இன்னொரு தடவை பார்ப்போமா ஆச்சி?"

"ஆச்சியா? நான் ரிட்டயர்டு போலீஸ் எஸ்.எஸ்.ஐ.ட்டி."

கிறிஸ்டி பயந்துபோய், "சரிங்க மேடம்" என்றாள். கண்ணுக்கும் வாய்க்கும் நேராக முகமூடியில் பெரிதாக வெட்டித் தந்தாள். பதற்றம் குறைய மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் சிகிச்சையன்று படுக்க வைத்துப் பூட்டியதும் மறுபடியும் கை மேசையை அடித்தது.

"நாங்க எல்லாரும் வெளிய போயிருவோம். ஆனா கேமராவுல பார்த்துக்கிட்டே இருப்போம் மேடம். மைக்குல பேசுவோம், உங்களுக்குக் கேக்கும்" என்று கிறிஸ்டி சமாதானம் சொன்னாள்.

வாசலில் நின்ற உச்சிமாகாளியின் காதில் மைக் என்ற சொல் விழுந்தது. கிறிஸ்டியின் பின்னாலேயே போய், "மக்கா, அதை எங்கிட்ட ஒரு நிமிஷம் குடு" என்றாள். கிறிஸ்டி தயங்கினாள். டாக்டரிடம் கேட்டாள். அவர் வந்து திரையில் ஆனந்தவள்ளியைப் பார்த்தார், உச்சிமாகாளியையும் பார்த்தார். "பேசட்டும்" என்றார்.

உச்சிமாகாளி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஏம்மா, பச்சைக் கவுனு! என்ன அங்கன கையை ஆட்டிக்கிட்டு? ஆடாம நில்லு! பொறத்தால வரிசையில எத்தனை பேரு நிக்காவன்னு தெரியுமா?"

திரையில் ஆனந்தவள்ளியின் வயிறு குலுங்கியது.

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. அசையக் கூடாது" என்று கிறிஸ்டி கையைப் பிடித்தாள்.

உச்சிமாகாளி குரலை இறக்கினாள். "சரிட்டி வள்ளி. சிரிக்காதே. நான் ஒரு கதை சொல்லுதேன், கேட்டுக்கிட்டே கெட. ஒன்னைப் பொண்ணு பாக்க வந்த கதை."

கிறிஸ்டி பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஆனந்தவள்ளியைச் சுற்றி வர ஆரம்பித்தது. உச்சிமாகாளி சொல்லிக்கொண்டே போனாள்.

தில்லைநாயகத்தின் வீட்டார் பெண்ணை முறைப்படி பார்ப்பதற்கு முன்னால் தெரியாமல் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று, குளிக்க வந்தவர்களைப் போலக் குற்றாலத்துக்கு வந்திருந்தார்கள். நல்ல சீசன். மாப்பிள்ளையின் அம்மா அருவியை விட்டு வெளியே வருவதாகவே இல்லை. "ஏம்மா, மஞ்சச் சேலை! வீட்டுல தண்ணியே கெடையாதா? அருவியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கியே, நகரு!" என்று ஆனந்தவள்ளி போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் ஈரச் சேலையோடு படியேறி ஓடினாள். மேலே மகனிடம் போய், "ஒனக்குப் பாத்த பிள்ளையைப் பாத்துட்டேம்ல. வாயி பெருசு. ஆனா ஒரு ஆளு வழுக்கி விழல. இவளையே கட்டிரு" என்றாளாம். கடைசிக் காலம் வரை அந்த மாமியார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையோ அன்று பார்த்தது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, தலையில் பாலித்தீன் பையைக் கட்டியிருந்த ஒரு போலீஸ்காரியை.

இயந்திரம் நின்றது. "முடிஞ்சுது மேடம்" என்று கிறிஸ்டி உள்ளே ஓடினாள். கொக்கிகளைக் கழற்றியதும் ஆனந்தவள்ளி சொன்ன முதல் வார்த்தை, "பாலித்தீன் பை கட்டலட்டி. துண்டு."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலை ரயிலில் திருநெல்வேலி, மேசையில் முகமூடி, மைக்கில் ஒரு கதை, சாயங்காலம் தென்காசி. வாரம் ஒரு நாள் மருந்து ஏறும் வரைக்கும் கூடுதலாகக் காத்திருப்பார்கள். உச்சிமாகாளியிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. இன்ஸ்பெக்டரின் தொப்பியை அருவி அடித்துக்கொண்டு போன கதை. சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிய குரங்கு, மூடியைத் திறக்கத் தெரியாமல் இவர்களிடமே திரும்பக் கொண்டுவந்து வைத்த கதை. உலர்ந்த யூனிபாரம் ஒன்றே ஒன்று இருந்ததால், அதிகாரி பார்வையிட வந்த அன்று ஒருத்தி அணிவகுத்துவிட்டு ஓடி வந்து அடுத்தவளுக்குக் கழற்றிக் கொடுத்த கதை. ஒரு நாள் உச்சிமாகாளிக்குத் தொண்டை கட்டிவிட, "இன்னைக்குக் கதை இல்லையா ஆச்சி?" என்று கிறிஸ்டிதான் வருத்தப்பட்டாள். அவள் உச்சிமாகாளியை ஆச்சி என்றும் ஆனந்தவள்ளியை மேடம் என்றும் கூப்பிடப் பழகியிருந்தாள்.

சொல்லச் சொல்ல உச்சிமாகாளிக்கே ஒன்று தெரியவந்தது. அந்த நாட்களில் அவர்கள் சந்தோஷமாக இருந்ததாக அப்போது நினைக்கவே இல்லை. காலெல்லாம் சேற்றுப்புண், வீட்டில் ஏச்சு, லீவு கிடையாது. எப்போது இந்தச் சீசன் முடியும் என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். இப்போது அந்தச் சேற்றுப்புண்கூட வேறு யாருக்கோ கிடைத்த பரிசு போலத் தோன்றியது.

மூன்றாவது வாரம் முடிவதற்குள் படுத்தால் இழுத்த மூச்சு அடங்கியது. கட்டி இளகியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஆனால் தொண்டை வெந்துவிட்டது. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எச்சில் பசை மாதிரி ஒட்டியது. சோறு மண்ணாக, பால் சுண்ணாம்பாக இருந்தது. சைதூன் பீவி தினமும் ஏதாவது ஒன்றை மசித்துக் கொண்டுவருவாள், அப்படியே திரும்பக் கொண்டுபோவாள். சுரண்டையிலிருந்து உச்சிமாகாளி வரவழைத்த நுங்கு மட்டும் கொஞ்ச நாள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பிறகு அதுவும் நின்றது. ரயிலில் போக உடம்பு தாங்கவில்லை. ஸ்வாதி கார் ஏற்பாடு செய்தாள்.

ஒரு காலையில் கார் வாசலில் வந்து நின்றும் ஆனந்தவள்ளி எழுந்திருக்கவில்லை.

"போதும்ட்டி" என்றாள். காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்டது. "நான் வரல."

ஸ்வாதி அழுதாள், கெஞ்சினாள், பாதியில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று கத்தினாள். ஆனந்தவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்வாதி வெளியே போனதும் உச்சிமாகாளி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லலியே?"

"நான் என்னத்தைச் சொல்லுவேன்? தொண்டை ஒனக்கு. நீ நிறுத்துனா டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லுதேன். ஒங்கூட இங்கனயே இருப்பேன். போனா, பொறத்தால வருதேன். எதுன்னாலும் நான் இருப்பேம்லா."

"எது சரிட்டி?"

"தெரியாது."

உச்சிமாகாளி அதை மழுப்பாமல் சொன்னாள். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தோழியின் கழுத்தில் உரிந்து தொங்கிய தோலைப் பார்க்கும்போது நிறுத்திவிடலாம் என்றிருந்தது. காற்று சத்தமில்லாமல் உள்ளே போய் வருவதைக் கேட்கும்போது இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. இரண்டையும் அப்படியே சொன்னாள்.

ஆனந்தவள்ளி சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்து ஓய்ந்தார். கடைசியில் அவள் கையை ஊன்றி எழுந்தாள்.

"மூக்கு வழியா டியூப் போடணும்னு அந்த டாக்டர் தம்பி சொன்னாருல்லா? அதைப் போடச் சொல்லு. கஞ்சி குடின்னு இனி எவளும் எங்கிட்ட சொல்லப்பிடாது."

டியூப் போட்டார்கள். கஞ்சியும் மருந்தும் அதன் வழியாக இறங்கின. கடைசி வாரங்களில் கதை சொல்லும்போது அவள் தூங்கிவிடுவாள். முகமூடிக்குள் தூங்குகிற முதல் ஆளைப் பார்க்கிறேன் என்று கிறிஸ்டி ஆச்சரியப்பட்டாள். கடைசி நாளன்று முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டாள். சிலர் கேட்டு வாங்கிப் போவார்களாம்.

"எதுக்கு? கொலுவுல வைக்கவா?" என்று ஆனந்தவள்ளி சைகையும் முணுமுணுப்புமாகக் கேட்டாள்.

அந்த வருஷம் சாரல் சீக்கிரமே வந்துவிட்டது. வைகாசி கடைசியில் தென்காசித் தெருக்களில் வெயிலும் தூறலும் மாறி மாறி அடித்தன. ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. டியூபை எடுத்தார்கள். தோல் ஆறி, கழுத்தில் மாநிறத்துக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டை மட்டும் நின்றது. குரல் வரவில்லை. குரலுக்கான நரம்பைக் கட்டி முன்னமே தின்றுவிட்டது என்றார் டாக்டர். அருவித் தண்ணீர் கழுத்தில் விழவே கூடாது, தூரத்தில் நின்று பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்.

ஒரு வார நாளில் இருவரும் டவுன் பஸ் ஏறிக் குற்றாலத்துக்குப் போனார்கள். பழைய கொட்டகை இருந்த இடத்தில் புதுக் கட்டடம். ஆனால் எண்ணெய் வாசமும், ஈரத் துணி வாசமும், பஜ்ஜிக் கடைப் புகையும் அப்படியே இருந்தன. மெயின் அருவி நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. காற்றில் வந்த திவலை முகத்தில் பட ஆனந்தவள்ளி கண்ணை மூடி நின்றாள்.

"இத்தனை வருஷத்துல நாம ஒரு நாளாவது நிம்மதியாக் குளிச்சிருக்கோமாட்டி?" என்று காதில் கேட்டாள்.

உச்சிமாகாளி யோசித்தாள். வேலைக்கு நடுவில் தலையை நனைத்தது உண்டு. விரட்டியது உண்டு, தூக்கியது உண்டு. கடிகாரம் பார்க்காமல் நின்று குளித்ததாக நினைவில்லை.

"போய்க் குளி. நான் இங்கன நின்னு பாக்கேன்."

"நீ இல்லாமலா?"

"போன்னா போட்டி."

உச்சிமாகாளி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் கூட்டத்துக்குள் நுழைந்தாள். தண்ணீர் உச்சந்தலையில் இறங்கியது. தோளை அடித்தது, முதுகை அடித்தது. மாசியில் அந்த போன் வந்த நாளிலிருந்து உடம்பில் சேர்ந்திருந்த எல்லாம் இளகியது போலிருந்தது. அழுதாள். அருவிக்குள் அழுதால் அவளுக்கே தெரியாது. எவ்வளவு நேரம் நின்றாளோ.

"ஏ ஆச்சி! ரோஸ் சேலை! போதும், வெளிய வாங்க! எல்லாருக்கும் இடம் வேண்டாமா?" என்று ஒரு சின்னப் பெண் போலீஸ் விசிலடித்துக் கத்தினாள்.

உச்சிமாகாளி திரும்பிப் பார்த்தாள். கம்பிக்கு அப்பால் ஆனந்தவள்ளி ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு பழக்கடைப் பக்கம் வந்தார்கள். மங்குஸ்தான் குவித்து வைத்திருந்தார்கள். ஆனந்தவள்ளி ஒன்றை உடைத்து, வெள்ளைச் சுளையை நாக்கில் வைத்து அப்படியே நின்றாள்.

"என்னட்டி?"

"புளிக்கி" என்றாள். பிறகு, "இனிக்கி."

மாதக்கணக்காக மண்ணாயிருந்த வாயில் ருசி தெரிந்த முதல் பொருள் அதுதான். கூடை தீரும் வரை தின்னப் பார்த்தாள். உச்சிமாகாளி கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆடி, ஆவணி, புரட்டாசி நன்றாகவே போயின. கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போய்வந்தாள். சைதூன் பீவியின் பேத்தி கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டாள். ஸ்வாதி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அம்மாவும் மகளும் பழையபடி சண்டை போட ஆரம்பித்தார்கள், ஒருத்தி சத்தமாகவும் ஒருத்தி முணுமுணுப்பாகவும்.

ஐப்பசியில் இடுப்பில் வலி வந்தது. ஸ்கேனில் எலும்பிலும் நுரையீரலிலும் பரவியிருந்தது. முன்பு நுரையீரலில் பார்த்த புள்ளியும் புற்றுதான் என்று டாக்டர் உமாசங்கர் ஒளிக்காமல் சொன்னார். இந்தத் தடவை குறுகிய வழி. இடுப்புக்கு ஒரே ஒரு நாள் கதிர் கொடுத்தார்கள். முகமூடி தேவைப்படவில்லை. சில வாரங்களில் வலி குறைந்தது. அதற்கு மேல் வேண்டாம் என்று ஆனந்தவள்ளி சொன்னதை யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்கே நர்ஸ் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்கழியில் ஒரு முற்பகலில் அவள் போனாள். அதற்கு முந்தைய சில நாட்களாக அதிகமும் தூக்கம்தான். உச்சிமாகாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வந்தது, போனது. இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. இழுப்பு இல்லை, திணறல் இல்லை. கழுத்தில் எதுவும் முட்டவில்லை. ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காக உச்சிமாகாளி காத்திருந்தாள். அது வரவில்லை.

காரியங்கள் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அடுக்களையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த ஸ்வாதி திடீரென்று கேட்டாள்.

"சித்தி, நான்தான அந்த நீள சிகிச்சைக்கு முதல்ல சரின்னு சொன்னேன். அவ்வளவு பாடு படுத்திட்டமோ? பேசாம அந்தச் சின்னதை வச்சிருக்கலாமோ?"

உச்சிமாகாளி கழுவிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பாடுதான் மக்கா. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வாரமெல்லாம் ஒரு வாய் நுங்குகூட எறங்காமக் கெடந்தா. ஆனா நீ சொல்லி அவ செய்யல. டாக்டர் சொன்னாருன்னும் செய்யல. ஒங்கம்மா மூச்சைத்தான் கேட்டா. கடைசி வரைக்கும் அது அவளுக்குக் கெடச்சுது. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

ஸ்வாதி பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் தோளில் சாய்ந்தாள்.

மறுநாள் உச்சிமாகாளி சுரண்டைக்குக் கிளம்பியபோது, பெங்களூருக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது, நானும் வருகிறேன் என்று ஸ்வாதி ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் கூட்டமில்லை. சைதூன் பீவி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் ஸ்வாதியின் மடியில் இருந்தது. பஸ் கிளம்பி ஊரைத் தாண்டுவதற்குள் ஸ்வாதியின் தலை சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் உச்சிமாகாளியின் தலையும் அதன்மேல் சாய்ந்தது. மாதக்கணக்காகச் சரியாகத் தூங்காதவர்கள். சுரண்டை வந்து கண்டக்டர் தட்டி எழுப்பும் வரை இருவரும் அசையவில்லை.